காருக்குள் ஒரு தவில்!

இரவு மணி பத்தரை. தெரு அடங்கிவிட்டது. தொட்டிலில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது. திடீரென்று ஜன்னல் கதவு "டும், டும்" என்று அதிர்கிறது. அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் கிலுகிலுக்கின்றன. குழந்தை வீறிட்டு அழுகிறது.

எட்டிப் பார்த்தால், தெருவில் மேளம் கொட்டுபவர் யாரும் இல்லை. ஒரு சிறிய மோட்டார் கார் போகிறது! அதில் பாடுவது என்ன பாட்டு என்று தெரியவில்லை. ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. "டும், டும்" மட்டும் வீட்டுக்குள் நுழைந்து, சுவரைத் தட்டிவிட்டுப் போகிறது.

இந்த ஓசைக்குக் காரணமான கருவியின் பெயர் சப்-வூபர். பாட்டில் உள்ள தாழ்ந்த ஓசையை மட்டும் எழுப்புவதற்கென்றே செய்யப்பட்ட பெரிய ஸ்பீக்கர் அது. கார்க் கம்பெனி கொடுத்த பாட்டுப் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, வெளிக் கடையில் இதை வாங்கிச் சேர்ப்பது இப்போது பெருகி வரும் வழக்கம்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பெங்களூரில் ஜே.சி. ரோடு, டில்லியில் கரோல் பாக். இந்த இடங்களில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுக் கார் வாங்கியவர்கள் அங்கே விசாரிக்கும் சாமான்களில் சப்-வூபரும் ஒன்று.

இதைப் பற்றி வீடுகளில் வாக்குவாதமும் நடக்கிறது.

"பாட்டு சப்பென்று இருக்கிறது, அப்பா! ஒரு வூபர் வைத்துவிடலாம்" என்கிறான் மகன்.

"இருப்பது போதாதா? வண்டி தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்கிறார் தகப்பனார்.

"அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கிறாள் தாய்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம்.

மகன் சொல்வது சரியா?

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். வலது பக்கம் வலந்தலை. இடது பக்கம் தொப்பி. கச்சேரி தொடங்குவதற்கு முன் வித்வான் தொப்பியின் நடுவில் ரவைப் பசையை அப்புகிறார். ஏன்? தோல் கனக்க வேண்டும். கனத்த தோல் மெதுவாக அதிரும். அப்போதுதான் "கும்" என்ற தாழ்ந்த நாதம் பிறக்கும். அந்தக் "கும்" இல்லாத கச்சேரி, உப்பில்லாத சாம்பார் போலத்தான்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு விநாடிக்கு எத்தனை தடவை காற்று அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். மனிதர் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குயிலின் குரல் மேலே இருக்கிறது. இடியின் உறுமல் கீழே இருக்கிறது. சப்-வூபரின் வேலை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான்.

தாழ்ந்த ஓசையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். மின்சார பலமும் வேண்டும். சாதாரணக் காரின் கதவில் இருப்பது ஆறரை அங்குல ஸ்பீக்கர்தான். அதுவும் மெல்லிய தகரத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. "தட தட" என்று கதவு அதிருமே தவிர, "கும்" என்ற நாதம் வராது.

மின்சார பலமும் குறைவு. காரில் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. அதிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் சாதாரணப் பாட்டுப் பெட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ந்து கொடுக்கக்கூடியது சுமார் 20 வாட்ஸ். அட்டைப் பெட்டியின் மேல் "50 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கலாம். அது கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சக் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, தாழ்ந்த ஓசையைத் தானாகவே குறைத்துவிடும்படி பல கம்பெனிப் பெட்டிகளை அமைத்திருக்கிறார்கள். சிறிய ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடக் கூடாதே என்பதற்காக இந்த ஏற்பாடு. போதாக்குறைக்கு, ஓடும் வண்டியின் டயர் இரைச்சலும் தாழ்ந்த ஓசைதான். பாட்டில் இருக்கும் கொஞ்ச நஞ்சக் "கும்"மையும் அது விழுங்கிவிடுகிறது.

ஆகவே, மகன் சொல்வது வெறும் ஆசைப் பேச்சு அல்ல. பாட்டில் ஒரு பகுதி அவன் காதுக்கு வந்து சேரவில்லை என்பது உண்மை.

பெட்டி ஏன் மாறவில்லை?

முன்பெல்லாம் பாட்டு பிடிக்காவிட்டால், பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். இப்போது ஏன் அப்படிச் செய்வதில்லை? அதற்குக் காரணம் கார்களில் ஏற்பட்ட மாறுதல்.

1930-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் கால்வின் சகோதரர்கள் மோட்டாரோலா என்ற கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அதன் விலை 100 டாலருக்கு மேல். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அப்போது அது காரோடு பிறந்த பொருள் அல்ல. பிறகு வாங்கி மாட்டிய பொருள்தான்.

பின்னர் கம்பெனிகளே ரேடியோ வைத்துக் கொடுத்தன. 1984-ல் ஜெர்மனியில் கார் ரேடியோவுக்கு ஓர் அளவு வகுக்கப்பட்டது. சுமார் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். உலகமெங்கும் அந்த அளவு பரவியது. எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்தக் காரின் பொந்திலும் நுழைந்தது. கழற்றுவது சுலபம். மாட்டுவதும் சுலபம்.

இன்று டாஷ்போர்டில் பொந்து இல்லை. பெரிய திரை இருக்கிறது! அந்தத் திரையில் பாட்டு மட்டுமா வருகிறது? வழி காட்டும் படம் வருகிறது. பின்னால் இருப்பதைக் காட்டும் காமிரா வருகிறது. சில கார்களில் குளிர்சாதனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதிலேதான். அதைப் பிடுங்கினால் பாதிக் காரையே பிடுங்கியது போல ஆகிவிடும். அதனால்தான், "திரை இருக்கட்டும், ஓசையை மட்டும் சேர்ப்போம்" என்ற முடிவுக்கு ஜனங்கள் வந்திருக்கிறார்கள்.

விலை ஏணி

இதில் வியாபாரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நல்ல ஓசை வேண்டாம் என்று கார்க் கம்பெனிகள் நினைக்கவில்லை. அதை ஏணியின் மேல் படியில் வைத்திருக்கின்றன!

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவில், மேல் ரக வண்டியில் போஸ் கம்பெனியின் எட்டு ஸ்பீக்கர் அமைப்பு கொடுக்கிறார்கள். 2019-ல் வந்த கியா செல்டாஸ் காரின் மேல் ரகத்திலும் அதே மாதிரி எட்டு ஸ்பீக்கர் வைத்தார்கள். 2021-ல் மகிந்திரா எக்ஸ்.யு.வி. 700 வந்தபோது, அதன் மேல் ரகத்தில் சோனியின் 12 ஸ்பீக்கர்! 2024-ல் மகிந்திரா காட்டிய பி.இ. 6 என்ற மின்சாரக் காரில் 16 ஸ்பீக்கர் வரை உண்டு.

ஒரே மாதிரிக் காரில் கீழ் ரகத்துக்கும் மேல் ரகத்துக்கும் விலை வித்தியாசம் லட்சக் கணக்கில் இருக்கும். ஸ்பீக்கருக்காக மட்டும் அத்தனை பணம் வாங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. தோல் இருக்கை, கூரைக் கண்ணாடி, பெரிய சக்கரம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஆனால் பாட்டு மட்டும் போதும் என்கிறவனுக்கு, மற்றதை வாங்காமல் அதை மட்டும் வாங்க வழி இல்லை.

தவணையில் கீழ் ரகக் கார் வாங்கிய குடும்பத்துக்கு வெளிக் கடைதான் அந்த வழி. சில ஆயிரம் ரூபாயில் காரியம் முடிந்துவிடுகிறது. வெளிக் கடையில் கூட்டம் சேருவதற்கு இதுவே பெரிய காரணம்.

எப்படிச் சேர்க்கிறார்கள்?

சப்-வூபர் இரண்டு விதம். முதலாவது, முன் இருக்கைக்கு அடியில் நுழையும் தட்டைப் பெட்டி. அதற்குள்ளேயே பலம் கூட்டும் ஆம்ப்ளிபயரும் இருக்கும். இடத்தை அடைக்காது. டிக்கியில் காஸ் சிலிண்டர் வைத்த வண்டிகளுக்கு ஏற்றது. இரண்டாவது, டிக்கியில் வைக்கும் பெரிய மரப் பெட்டி. 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் தனி. ஓசை பெரிது, ஆனால் ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சு வைக்க இடம் போய்விடும்.

டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்தால் பாட்டு அங்கிருந்து வருவது போல இருக்காதா? இருக்காது. மிகத் தாழ்ந்த ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் பிடிபடாது. பாடகர் முன்னாலேயே பாடுவார். "கும்" அவரோடு சேர்ந்து கேட்கும்.

கம்பெனிப் பெட்டியில் சப்-வூபருக்கென்று தனி வாசல் பெரும்பாலும் கிடையாது. ஆகவே, ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியிலிருந்து பாட்டைக் கிளை பிரித்து எடுக்கிறார்கள். இதற்குத் தக்க ஆம்ப்ளிபயர்கள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால், நடுவில் ஒரு சிறிய மாற்றுக் கருவி வைப்பார்கள்.

கிளை பிரிப்பதிலும் இரண்டு முறை உண்டு. ஒன்று, கம்பெனிக் கம்பியை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவது. மற்றொன்று, அந்தக் காருக்கென்றே செய்த கப்ளரை இடையில் செருகுவது. வெட்டு இல்லை, டேப் இல்லை. நாளைக்கு வேண்டாம் என்றால் உருவிவிடலாம். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் கேட்டு வாங்க வேண்டியது இதுவே.

தகப்பனார் பயம் நியாயமானதா?

நியாயமானதுதான். ஆனால் அவர் பயப்பட வேண்டியது பெட்டியைப் பார்த்து அல்ல, கம்பியைப் பார்த்து.

கணக்குப் பார்த்தால் புரியும். 300 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் முழு மூச்சில் வேலை செய்தால், பாட்டரிக் கம்பியில் சுமார் 27 ஆம்பியர் மின்சாரம் ஓடும். காரின் முன் விளக்கு ஒன்றுக்கு சுமார் 4 ஆம்பியர் போதும். அதாவது, ஆறு ஏழு விளக்குகளை ஒரே கம்பியில் மாட்டியது போல!

ரேடியோவுக்கென்று கம்பெனி போட்ட கம்பி மெல்லியது. அதைக் காக்கும் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். சோம்பேறி மெக்கானிக் என்ன செய்கிறார்? அந்தக் கம்பியிலேயே ஆம்ப்ளிபயரை இணைத்துவிடுகிறார். ஒரு வாரத்தில் பியூஸ் போகிறது. "பியூஸ் சின்னது" என்று சொல்லி 30 ஆம்பியர் பியூஸைச் செருகுகிறார். இப்போது பியூஸ் போகாது, கம்பி போகும்! கம்பி சூடேறி, மேலுறை உருகி, பக்கத்தில் இருக்கும் துணியும் பஞ்சும் கருகும். வீட்டில் பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பது எப்படிப்பட்ட தப்போ, அப்படிப்பட்ட தப்பு இது.

சரியான முறை வேறு. பாட்டரியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 300 வாட்ஸுக்கு சுமார் 8 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கம்பி தேவை. பாட்டரிக்கு வெகு அருகில், ஒன்றரை அடிக்குள், அந்தக் கம்பியில் பியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிபயரில் ஒரு பியூஸ் இருக்கிறதே, அது போதாதா? போதாது. வழியில் கம்பி தேய்ந்து தகரத்தில் பட்டால், பாட்டரியின் முழுப் பலமும் அந்த இடத்தில் பாயும். பல நூறு ஆம்பியர்! கம்பி அறுபடும் இடத்துக்கும் பாட்டரிக்கும் நடுவில் பியூஸ் இருந்தால்தான் அது காப்பாற்றும்.

கம்பியிலும் போலி உண்டு. வெளியே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். விலை மலிவு, பார்வைக்கு ஒன்றே. ஆனால் அதே தடிப்பில், மின்சாரம் கடத்தும் திறன் செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம்.

என்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் தகர விளிம்பு கம்பியை அறுக்கும். பூமிக் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பளபளக்கும் இரும்பில் முடுக்க வேண்டும். இது சரியில்லாவிட்டால் பாட்டோடு சேர்ந்து என்ஜினும் "ஙொய்" என்று சிணுங்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால், அது விபத்தில் உயிர் காக்கும் காற்றுப் பைக்குப் போவது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கம்பி இருந்தால், அது ஆளைக் கொல்லும் உயர் அழுத்தக் கம்பி. இவை இரண்டிலும் கை வைக்கவே கூடாது.

என்ஜினை நிறுத்திவிட்டு வெகுநேரம் பாட்டுக் கேட்பதும் ஆகாது. சிறிய கார்களின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவே. மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் நேரத்தில் வண்டி கிளம்பாது!

உத்தரவாதமும் இன்சூரன்சும்

வெளிச் சாமான் சேர்த்தால் கம்பெனி உத்தரவாதம் போய்விடுமா? அமெரிக்காவில் இதற்கென்று 1975-ல் ஒரு சட்டம் வந்தது. வெளிச் சாமான் வைத்தார் என்பதற்காக மட்டும் முழு உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. அந்தச் சாமானால்தான் கெடுதல் வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும்.

இந்தியாவில் காரோடு கொடுக்கும் உத்தரவாதப் புத்தகத்தைப் படித்துப் பார்ப்பதே முதல் வேலை. கம்பெனிக் கம்பியை வெட்டியிருந்தால், மின்சாரக் கோளாறு எது வந்தாலும் அந்த வெட்டின் மேல்தான் பழி விழும். கப்ளர் செருகுவதன் அருமை அப்போதுதான் தெரியும்.

இன்சூரன்சிலும் கவனம் வேண்டும். காரின் விலையில் சேராத மின்சாரச் சாமான் திருட்டுப் போனாலோ எரிந்தாலோ நஷ்ட ஈடு வேண்டுமானால், அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். கடைக்காரரிடம் பில் வாங்குவது அதற்கும் உதவும்.

வண்டியை மாற்றி அமைப்பது குற்றம் இல்லையா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. டிக்கியில் ஒரு பெட்டி வைப்பதால் என்ஜினோ, இருக்கைக் கணக்கோ மாறுவதில்லை. பின் இருக்கையையே பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்பீக்கர் அடுக்கினால் அது வேறு சங்கதி.

தாய் கேட்ட கேள்வி

அக்கம்பக்கத்தாரின் கஷ்டம்தான் மூன்றிலும் கடினமான கேள்வி. தகப்பனார் பயத்துக்கு நல்ல மெக்கானிக் போதும். தாயின் கேள்விக்கு மெக்கானிக்கிடம் பதில் இல்லை.

ஓசை அலையாகப் போகிறது. 40 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை சுமார் 28 அடி நீளம். சிறிய காரின் நீளமோ 13 அடிதான்! காரை விடப் பெரிய அலையைக் காருக்குள் அடைப்பது எப்படி? மெல்லிய கண்ணாடியும் தகரமும் பாடகரின் குரலைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தாழ்ந்த ஓசையைத் தடுக்க மாட்டா. அதனால்தான் தெருவில் நிற்பவருக்குப் பாட்டு கேட்பதில்லை. "டும், டும்" மட்டும் கேட்கிறது. இனிமை முழுவதும் உள்ளே இருப்பவருக்கு. இடி மட்டும் வெளியே இருப்பவருக்கு!

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை இன்னும் குறைவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய மண்டபம் போன்ற இடங்களைத் தவிர, ஒலி பெருக்கும் கருவிகள் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தக் கட்டுப்பாட்டை மீறி வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்சும் 3 மாதத்துக்குப் போகும்.

இத்தனை இருந்தும் "டும், டும்" ஏன் ஓயவில்லை? ஒரு காரணம், ஓடுகிற காரைத் துரத்திக்கொண்டு அளவுமானியோடு யாரும் ஓட முடியாது. மற்றொரு காரணம் அளவுமானியிலேயே இருக்கிறது.

விதிகளில் சொல்லும் டெசிபல், "ஏ" கணக்கில் அளப்பது. மனிதர் காதுக்குத் தாழ்ந்த ஓசை குறைவாகக் கேட்பதால், இந்தக் கணக்கும் அதைக் குறைத்தே பதிவு செய்யும். 50 ஹெர்ட்ஸ் ஓசையில் 30 டெசிபல் தள்ளுபடி! 85 டெசிபல் பலத்தோடு வரும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு, "ஏ" கணக்கில் 55 என்று காட்டும். குடியிருப்பின் பகல் அளவுக்கு உட்பட்டதுதான் என்று காகிதம் சொல்லும். ஜன்னல் கதவுக்கு அந்தத் தள்ளுபடி தெரியாது. அது ஆடத்தான் செய்யும். தொட்டில் குழந்தையும் விழிக்கத்தான் செய்யும்.

புளோரிடாவில் நடந்தது

அளவுமானியை நம்பாமல் வேறு வழி தேடியவர்களும் உண்டு. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் ஒரு சட்டம் இருந்தது. காரின் பாட்டு 25 அடி தூரத்தில் தெளிவாகக் கேட்டால் குற்றம். கருவி வேண்டாம், போலீஸ்காரரின் காது போதும்!

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வியாபார விளம்பர வண்டிக்கும், அரசியல் பிரசார வண்டிக்கும் விலக்கு அளித்திருந்தார்கள். "ஓட்டுக் கேட்டுக் கத்தினால் குற்றமில்லை, பாட்டுப் போட்டால் குற்றமா?" என்று வழக்கு வந்தது. 2012 டிசம்பரில் புளோரிடா சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. பேச்சுச் சுதந்திரத்தில் பாரபட்சம் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

பத்து ஆண்டு கழித்து, 2022 ஜூலை முதல், 25 அடிச் சட்டத்தை அந்த மாகாணம் மறுபடியும் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

இதில் இந்த நாட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தேர்தல் வேன் அலறுவதைப் பொறுத்துக்கொண்டு, பையனின் காரை மட்டும் மடக்கினால் சட்டத்துக்கு மரியாதை இருக்காது. சத்தம் யாருடையது என்று பார்க்காமல், எவ்வளவு என்று பார்ப்பதே நியாயம்.

உள்ளே இருப்பவர் காது

தெருவில் இருப்பவர் ஒரு நிமிஷம் அவதிப்படுகிறார். காருக்குள் இருப்பவருக்கு ஆபத்து அதை விட அதிகம்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழிற்சாலைகளுக்காக நிபுணர்கள் வகுத்த கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 94 என்றால் 1 மணி. 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்! ஒரு சிறிய ஆம்ப்ளிபயரே மூடிய காருக்குள் 100 டெசிபலைத் தாண்ட வைக்கும்.

இப்படிக் கெட்ட காதுக்கு மருந்து கிடையாது. உலகத்தில் 12 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 100 கோடிக்கு மேற்பட்டவர்கள், பாட்டைப் பலமாகக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பெட்டி டிக்கியில் இருக்கிறது. பின் இருக்கையில் அதற்குப் பக்கத்தில் உட்காருவது யார்? பெரும்பாலும் குழந்தைகள்தான்.

பலத்த தாழ்ந்த ஓசைக்கு இன்னொரு குணம் உண்டு. அது மேல் ஓசைகளை மறைத்துவிடும். ஆம்புலன்ஸின் சங்கும், பின்னால் வரும் லாரியின் ஹாரனும் அப்படி மறைந்துபோகக் கூடியவை. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், அந்த வண்டிக்குள் ஓர் உயிர் இருக்கிறதே!

எது அளவு?

அப்படியானால் சப்-வூபரே வேண்டாமா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அளவாக வைத்தால் அது நன்மையும் செய்யும். "கும்" போதாமல்தான் பலர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்தக் "கும்" கிடைத்துவிட்டால், குறைந்த சத்தத்திலேயே பாட்டு நிறைவாக இருக்கும்.

வாட்ஸை அள்ளி வாங்குவதும் வீண். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்! குடும்பக் காருக்கு இருக்கையடிப் பெட்டி ஒன்றே தாராளம்.

மகன், கப்ளரும் செம்புக் கம்பியும் கேட்டு வாங்கட்டும். தகப்பனார், பாட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பார்க்கட்டும். அதன் பிறகு அளவு வைக்கும் பொறுப்பைத் தாயிடம் விட்டுவிடலாம்.

அவள் செய்ய வேண்டியது மிகச் சுலபம். வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் மகன் பாட்டைப் போடட்டும். கார்க் கதவுகளை மூடிவிட்டு அவள் பத்து அடி வைத்து நடக்க வேண்டும். அது சுமார் 25 அடி தூரம். அங்கே நின்று கேட்க வேண்டும். "டும், டும்" என்று கேட்டால் கையைக் காட்டலாம். மகன் குமிழைத் திருகிக் குறைக்கட்டும். கேட்காத இடம் வந்ததும், அந்த இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துவிடலாம்.

அந்தப் பொட்டைத் தாண்டாத வரையில், பத்தரை மணிக்குக் கார் வீடு திரும்பினாலும் தெருவில் எந்தத் தொட்டிலும் ஆடாது.